பிரதியும் உடைமையும்: அருவச் சொத்து குறித்துச் சில குறிப்புகள்

1

1928இல் சென்னை மாகாண அரசு பாரதியின் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. போலீஸ் தூக்கிக்கொண்டு போனது காகிதத்தை. 1949இல் அதே கோட்டையிலிருந்து ஆண்ட வேறோர் அரசு பாரதியை மறுபடியும் எடுத்துக்கொண்டது. இம்முறை ஒரு தாள்கூட இடம் மாறவில்லை, யார் வீட்டு அலமாரியும் திறக்கப்படவில்லை. ஆனால் எடுத்தது எடுத்ததுதான். முதல் தடவை அரசின் கையில் சிக்கியவை பிரதிகள். இரண்டாம் தடவை சிக்கியது பிரதி.

இந்த ஒருமை பன்மை வித்தியாசத்துக்குள்தான் 'அருவச் சொத்து' என்று சட்டம் சொல்கிற சமாச்சாரம் முழுக்க அடங்கியிருக்கிறது. 'பிரதி' என்ற சொல்லைப் பல பத்தாண்டுகளாக நாம் டெக்ஸ்ட் என்ற பொருளில் புழங்கி வருகிறோம். அச்சகக்காரருக்கும் போலீசுக்கும் பிரதி என்பது எண்ணிக்கை: ஐந்நூறு பிரதி, ஆயிரம் பிரதி. சட்டம் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. கடையில் காசு கொடுத்து வாங்கிய புத்தகம் உங்களுடையது. இரவல் தரலாம், எடைக்குப் போடலாம், கோபம் வந்தால் எரிக்கலாம். அதே புத்தகத்தை அச்சடிக்க மட்டும் கூடாது. காகிதத்துக்கு ஒரு சொந்தக்காரர், காகிதத்தில் இருப்பதற்கு வேறு ஒரு சொந்தக்காரர். இந்த இரண்டாம் ஆள் எங்கிருந்து வந்தார் என்று நம்மில் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வதில்லை. கேட்பவர்களும் 'படைப்பாளியின் உழைப்பு' என்ற பதிலோடு திருப்தியடைந்துவிடுகிறோம்.

ஆங்கிலச் சட்ட மரபு சொத்தை இப்படிப் பிரிக்கிறது: கையில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியது ஒன்று, வழக்காடி மட்டுமே அடையக்கூடியது இன்னொன்று. 1902இல் டார்க்கிங்டன் எதிர் மாகீ என்ற இங்கிலாந்து வழக்கில் இந்த இரண்டாவதற்குக் கிடைத்த விளக்கத்தைத்தான் இன்றுவரை சட்டப் புத்தகங்கள் திருப்பிச் சொல்கின்றன. எனக்கு வரவேண்டிய கடன் என் சொத்து. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் காட்ட முடியாது. கம்பெனிப் பங்கு, பேட்டன்ட், வணிகக்குறி, பதிப்புரிமை எல்லாம் இந்தப் பந்தியில்தான் உட்காருகின்றன. (தமிழில் காப்புரிமை என்ற ஒரே சொல்லைப் பேட்டன்டுக்கும் காப்பிரைட்டுக்கும் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். இங்கே பதிப்புரிமை என்றால் காப்பிரைட். பேட்டன்ட் பேட்டன்ட்தான்.)

ஆக, பொருளே இல்லாத இடத்தில் சொத்து என்றால் என்ன? மெய்யப்பச் செட்டியார் கதையைப் பார்த்தால் விளங்கும். பாரதி 1921இல் இறந்தார். செல்லம்மாவிடமிருந்து பாடல்களின் உரிமை 1931இல் தம்பி விசுவநாதனுக்குப் போனது. அதிலிருந்து இசைத்தட்டுக்கான உரிமை மட்டும் தனியே பிய்ந்து, ஒரு வியாபாரி வழியாக ஏவிஎம்மிடம் வந்தது. 1947இல் 'நாம் இருவர்' படத்தில் அவர் அதைப் பயன்படுத்தினார். 1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்றைப் போட்டதும் ஏவிஎம்மிடமிருந்து நோட்டீஸ் வந்தது. டி.கே. ஷண்முகம் பாடியதால் ஏவிஎம்மிடமிருந்த பாட்டு குறைந்துபோய்விட்டதா? நிலத்தில் ஒருவன் மாட்டை விட்டால் பயிர் போகும். பாட்டில் அப்படி எதுவும் போகாது. செட்டியார் காசு கொடுத்து வாங்கியிருந்தது பாட்டை அல்ல, ஷண்முகத்தைப் பாடவிடாமல் நிறுத்தும் சக்தியை. அருவச் சொத்து என்று சட்டம் அழைப்பதை இப்படித்தான் வாசிக்க வேண்டும். அது பொருளுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு கிடையாது. ஒரு மனிதன் இன்னொரு மனிதனைத் தடுப்பதற்கு அரசு கொடுக்கும் சீட்டு.

2

இதைச் சொன்னதும் நம் நண்பர்கள் சிலர் உடனே, 'அதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு, நம்ம மரபில அறிவு எல்லாருக்கும் பொது' என்று ஆரம்பித்துவிடுவார்கள். நம்ம மரபு என்றால் யாருடைய மரபு என்று கேட்பதோடு, நம்மிடமும் அருவச் சொத்து தாராளமாக இருந்தது என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

மிராசு என்பது என்ன? செங்கற்பட்டுப் பகுதி மிராசு பற்றி எல்லிஸ் எழுதிய பதில்கள் 1818இல் அச்சாயின. அதில் மிராசு என்பது குறிப்பிட்ட ஒரு வயலின் பெயராக வருவதில்லை. ஊரில் ஒரு பங்கு. அந்தப் பங்கை வாரிசுக்கு விடலாம், விற்கலாம், அடமானம் வைக்கலாம். விளைச்சலில் மேரை வாங்கலாம். உழுதவன் களத்தில் நெல் அளக்கும்போது மிராசுதாருக்கென்று ஒதுங்கும் அந்தப் பங்குக்கு வருவாய்த்துறைத் தாள்களில் இருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'சுதந்திரம்'. நாம் விடுதலை என்ற பொருளில் கோஷம் போட்ட சொல், உழாமல் வாங்கும் நெல்லுக்குப் பெயராக ஒரு நூற்றாண்டுக்கு மேல் கணக்குப் புத்தகங்களில் புழங்கியிருக்கிறது. மொழி சில சமயம் நம்மைவிட நேர்மையாக இருக்கிறது.

இன்னும் முக்கியமானது தரிசு நிலம். தரிசு யாருக்கும் சொந்தமில்லை. பயிரிட விரும்புகிறவர் சர்க்காருக்குத் தர்க்காஸ்து போடலாம். ஆனால் மிராசு உள்ள ஊர்களில் மிராசுதாருக்கு முன்னுரிமை. பறையர் ஒருவர் தர்க்காஸ்து போட்டால் மிராசுதார் குறுக்கே வந்து, 'எனக்கு வேணும்' என்று சொன்னால் போதும். அவர் அந்த நிலத்தில் கலப்பை வைத்ததே இல்லை, வைக்கப் போவதுமில்லை என்றாலும். செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையின் சாரம் இதுதான்: பறையர்களிடம் நிலம் இல்லாததற்குப் பின்னால் மிராசுதாரரின் இந்தத் தடுக்கும் அதிகாரம் இருக்கிறது. அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. தரிசுமேல் மிராசுதாரருக்கு இருந்தது நிலம் இல்லை, பயிர் இல்லை, வரப்புகூட இல்லை. இருந்தது தடுக்கும் சீட்டு. ஏவிஎம்மின் நோட்டீசுக்கும் இதற்கும் சட்ட வடிவத்தில் என்ன பெரிய வித்தியாசம்?

கோயிலுக்குள் போனால் இன்னும் வேடிக்கை. ஆழ்வார்திருநகரி கோயிலில் முதல் தீர்த்தம் யாருக்கு என்று இரண்டு ஜீயர்கள் வழக்காடி, அது உச்சநீதிமன்றம் வரை போய் 1961இல் தீர்ப்பானது. வெறும் மரியாதைக்காக வழக்குப் போட முடியாது, அந்த மரியாதை ஒரு பதவியோடு ஒட்டியிருந்தால் போடலாம் என்பது நீதிமன்றம் பிடித்துக்கொண்ட கோடு. அதாவது மரியாதையும் சில சூழல்களில் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும் பொருளாகிவிடுகிறது. பத்து வருஷம் முன்னால், 1951இல், அங்கூர்பாலா மல்லிக் வழக்கில் கோயிலை நிர்வகிக்கும் சேவாயத் பதவியே சொத்து என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. சொன்னதால் ஒரு விதவைக்கு அதில் உரிமை கிடைத்தது. சொத்து இல்லை, வெறும் பதவி என்று விட்டிருந்தால் 1937ஆம் வருஷத்து இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் அவளுக்கு உதவியிருக்காது. இதை நான் வசதிக்காக மறைக்க விரும்பவில்லை. 'சொத்து' என்ற பெயர் சில கதவுகளைத் திறக்கவும் செய்திருக்கிறது. ஆனால் யாருக்குத் திறந்தது? அந்தக் கோயில் குடும்பத்துக்குள் ஏற்கனவே இருந்தவளுக்கு.

மிராசையும் பதிப்புரிமையையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம் என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம்தான். மிராசுக்கு வேர் சாதி. பதிப்புரிமைக்கு வேர் எழுதிய கை. எந்தச் சாதியில் பிறந்தாலும் எழுதியவர் எழுதியதற்கு உரிமையாளர் என்று ஒரு சட்டம் சொல்வதே நம் சமூகத்தில் சாதாரண விஷயமில்லை. ஆனால் அந்த உரிமையை ஒரு தடவை எழுதிக்கொடுத்துவிட்டால் வேர் அறுந்துவிடுகிறது. வாங்கியவர் கையில் அது மேரை வாங்கும் பங்காக மாறி நிற்கிறது. செல்லம்மாவுக்கும் இசைத்தட்டுக்கும் இடையில் எத்தனை கைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

3

'ஆசிரியன் என்றால் என்ன' என்ற 1969ஆம் ஆண்டு உரையில் ஃபூக்கோ சொல்லிப்போகும் ஒரு விஷயத்தை நம்மூர் ஃபூக்கோ வாசகர்கள் அதிகம் கண்டுகொள்ளவில்லை. எழுத்து சொத்தாவதற்கு முன்பே அது தண்டனைக்குரிய செயலாக இருந்தது. தண்டிக்க ஒரு ஆள் வேண்டியிருந்ததால் பிரதிக்கு ஒரு பெயர் ஒட்டப்பட்டது என்பது அது. பார்த் 'ஆசிரியனின் மரணம்' என்று அறிவித்ததை மட்டும் பிடித்துக்கொண்டு, கட்டுரைக்குக் கட்டுரை கருமாதி நடத்தினோம். அதே இதழின் இரண்டாம் பக்கத்தில் 'உரிமை ஆசிரியருக்கே' என்று அச்சடித்தும் வந்தோம். செத்தவனுக்கு ராயல்டி எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இந்தியாவில் ஃபூக்கோ சொன்ன வரிசை பச்சையாகவே தெரிகிறது. 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் எல்லா அச்சடித்த நூலிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இருக்கவேண்டும் என்றது. அது படைப்பாளிக்கு மரியாதை செய்யவா? போலீஸ் வந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டாமா! அந்தச் சட்டம் 2024 மார்ச்சில்தான் போய் வேறொன்று வந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் தமிழ்ச் சிறுபத்திரிகைகளும் அதற்குக் கட்டுப்பட்டே பின்னட்டையில் அச்சகத்தின் பெயரைப் போட்டன. 1928இல் பறிமுதலுக்கு உதவிய அதே பெயர் ஒட்டும் முறை 1949இல் உரிமை மாற்றத்துக்கும் உதவியது.

பெயர் ஒட்ட முடியாத பிரதிகள் என்ன ஆகின்றன? இங்கேதான் விஷயம் நமக்கு நெருக்கமாக வருகிறது.

1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது சட்ட மாணவர்களுக்கெல்லாம் மனப்பாடம். தன் 'ஹம் இந்துஸ்தானி' நாடகத்தை 'நியூ டெல்லி' படம் திருடிவிட்டது என்று அவர் வழக்குப் போட்டார். கரு யாருக்கும் சொந்தமில்லை, அது வெளிப்பட்ட வடிவத்துக்கே பதிப்புரிமை என்று சொல்லி நீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. நல்ல கோடுதான். கருவுக்கே ஒருவன் வேலி போட்டால் அப்புறம் யார் எழுதுவது? ஆனால் இந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு போய் ஒப்பாரி பாடும் அம்மாவின் முன்னால் நில்லுங்கள். அவள் ஒவ்வொரு சாவுக்கும் ஒவ்வொரு மாதிரி பாடுகிறாள். செத்தவன் பேர், அவன் வைத்த கடன், அவன் அண்ணன் செய்த துரோகம் எல்லாம் அந்த இடத்தில் பாட்டுக்குள் வந்து விழுகின்றன. எது கரு, எது வடிவம்? எது அவளுடையது, எது அவள் ஆத்தா கொடுத்தது? சட்டத்துக்குக் கேட்கத் தெரியவில்லை. அதனால் அவளைத் தாண்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற டேப் ரெக்கார்டரைப் பார்க்கிறது. 1957 சட்டத்தின்படி ஒலிப்பதிவுக்கு 'ஆசிரியர்' அதன் தயாரிப்பாளர். பாட்டுகளைத் தேர்ந்து வரிசைப்படுத்தினால் தொகுப்புக்கு ஆசிரியர் தொகுத்தவர். பாடியவள் முன்னுரையில் வருகிறாள். 'பாடிக்கொடுத்த தாய்மார்களுக்கு நன்றி' என்று பன்மையில்.

நாட்டார் பாடல் தொகுப்புகள் இல்லாமல் தமிழில் மாற்று அழகியல் பற்றி நாம் பேசியிருக்கவே முடியாது என்பது உண்மை. அதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது: ஏவிஎம்மைக் கண்டித்தவர்களின் வாரிசுகளாக நம்மை நினைத்துக்கொள்ளும் நாம், ஊர் ஊராகப் போய்ப் பதிந்துவந்து உரிமைப் பக்கத்தில் நம் பெயரைப் போட்டுக்கொண்டோம். செட்டியாராவது காசு கொடுத்து வாங்கினார்.

4

பாரதிக்கு வருவோம். நாரண துரைக்கண்ணன் போன்றவர்கள் ஊர் ஊராகப் பேசி, எழுதி, பாரதியின் குடும்பத்தாரைச் சந்தித்து ஒப்புதல் வாங்கி நடத்திய இயக்கம் அது. 1949 மார்ச்சில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு உரிமையைப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. ஏவிஎம் தன்னிடமிருந்ததைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். அரசு அதைப் பிறகு பொதுவில் விட்டது. ஒரு கவிஞனின் உரிமையை அரசு வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்ட அந்தக் காரியத்தின் அளவை நாம் இன்னும் சரியாக உணரவில்லை என்றே நினைக்கிறேன்.

இதோடு தாகூரை வைத்துப் பாருங்கள். தாகூர் இறந்தது 1941. அப்போதைய சட்டப்படி ஐம்பது ஆண்டு, 1991 டிசம்பரோடு பதிப்புரிமை முடியவேண்டும். உரிமை விசுவபாரதியிடம் இருந்தது. 1991 டிசம்பர் கடைசி வாரத்தில் ஓர் அவசரச் சட்டம் வந்தது, 1992இல் திருத்தச் சட்டம் வந்தது, ஐம்பது அறுபதாயிற்று. ஒரு கவிஞருக்காக நாட்டிலுள்ள எல்லா எழுத்தாளருக்கும் பத்து வருஷம் கூடியது. 1948இல் இறந்த புதுமைப்பித்தனுக்கு 1998 என்பது 2008 ஆனது. இடையில் நாட்டுடைமை வந்து கணக்கை மாற்றியது வேறு கதை. ஒரே தேசம், இரண்டு தேசியக் கவிகள். ஒருவருக்காகச் சட்டம் வேலியைப் பிடுங்கியது. இன்னொருவருக்காக வேலியை நீட்டியது. உழைப்பு, மேதைமை, கலாச்சாரம் என்று இரண்டு தடவையும் ஒரே சொற்களைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஆனால் 'நாட்டுடைமை' என்ற சொல்லையும் கொஞ்சம் முகர்ந்து பார்க்க வேண்டும். உடைமை போகவில்லை, முன்னால் நாடு வந்து உட்கார்ந்திருக்கிறது. 1949இல் அது ஓர் இயக்கத்தின் கோரிக்கை. அப்புறம் பட்ஜெட்டில் வாசிக்கும் பட்டியலாக, வாரிசுகளுக்குக் கொடுக்கும் பரிவுத் தொகையாக, அரசு சூட்டும் மாலையாக ஆகிவிட்டது. 2009இல் அறிவித்த பட்டியலில் கண்ணதாசன், சுந்தர ராமசாமி பெயர்கள் வந்தபோது இரு குடும்பங்களும் வேண்டாம் என்றன. சிலருக்கு அது தமிழ் விரோதமாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்காமல் ஒருவர் எழுத்தை எடுப்பதும் கேட்காமல் ஒருவர் எழுத்தை அச்சடிப்பதும் ஒன்றுக்கொன்று தூரத்துச் சொந்தம்.

அதே 2009இல் இன்னொரு வழக்கு. 'குடி அரசு' இதழில் வந்த பெரியாரின் எழுத்தையும் பேச்சையும் பெரியார் திராவிடர் கழகம் தொகுத்து வெளியிட முனைந்தது. பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் பதிப்புரிமை தன்னுடையது என்று சென்னை உயர்நீதிமன்றம் போனது. நீதிபதி சந்துரு தடை தர மறுத்துவிட்டார். வழக்கின் நுணுக்கம் இருக்கட்டும். தன் கருத்தை யாரும் அப்படியே ஏற்க வேண்டாம், யோசித்துப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேடைக்கு மேடை சொன்ன ஆளின் பேச்சைச் சொல்ல யாருக்கு உரிமை என்று அவரது பிள்ளைகளே கோர்ட்டுக்குப் போனார்கள். சொத்து என்ற சொல்லாடல் உள்ளே நுழைந்தால் எந்த இயக்கத்தையும் பாகப்பிரிவினைக் குடும்பமாக்கிவிடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

5

அப்படியானால் எழுதுகிறவனுக்கு ஒன்றும் வேண்டாமா? 'பொதுவில் விடு' என்று சொல்வது மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சுலபம். புத்தகம் விற்ற கணக்கைப் பதிப்பாளரிடம் கேட்கவே கூச்சப்படும் ஒரு சூழலில் நின்றுகொண்டு பதிப்புரிமையை ஒழிப்போம் என்று முழங்குவது யாருக்கு லாபம் என்று யோசிக்க வேண்டும். சட்டத்தை முழுசாகத் தள்ளிவிடாமல், அது எழுதுகிறவரை உண்மையில் எந்த இடத்தில் காப்பாற்றுகிறது என்று தேடிப் பார்த்தேன். கிடைத்த இடங்கள் எல்லாவற்றிலும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. அங்கெல்லாம் சட்டம் அந்த உரிமையிலிருந்து சொத்தின் குணத்தைக் கொஞ்சம் பிடுங்கியிருக்கிறது.

57ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்புரிமையை முழுக்க விற்றுவிட்ட பிறகும், இது நான் எழுதியது என்று சொல்லிக்கொள்ளவும், பெயர் கெடும்படி சிதைத்தால் தடுக்கவும் ஆசிரியருக்கு உரிமை உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். காசு கொடுத்து வாங்கியது அரசு, வெண்கலம் அரசுடையது, இடம் அரசுடையது. சிற்பி வழக்குப் போட்டார். 2005இல் டெல்லி உயர்நீதிமன்றம் மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் தரவும் உத்தரவிட்டது. பொருளின் சொந்தக்காரனிடமிருந்து பொருளைப் பிடுங்கிச் செய்தவனிடம் கொடுத்த தீர்ப்பு. சொத்துரிமை என்ற கண்ணாடி வழியே பார்த்தால் இது புரியவே புரியாது.

சினிமாப் பாட்டுக்கு வாருங்கள். காசு கொடுத்துப் பாட்டு எழுதச் சொன்ன தயாரிப்பாளரே, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. கவிஞரும் இசையமைப்பாளரும் ஒப்பந்தம் போட்டுத் தங்களைக் காத்துக்கொள்ளலாமே என்பது அதன் அனுமானம். வாய்ப்புத் தேடிக் கோடம்பாக்கத்தில் நிற்கிறவன் என்ன ஒப்பந்தம் போடுவான்? நீட்டிய இடத்தில் கையெழுத்துதான். 2012 திருத்தம் என்ன செய்தது? படத்தோடு தியேட்டரில் ஓடுவது போக, மற்ற வழிகளில் பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது, கொடுத்தாலும் செல்லாது என்றது. விற்க முடியாத சொத்து! பொருளாதாரப் பண்டிதர்கள் சிரிப்பார்கள். விற்க முடிகிறவரை அது தன்னிடம் தங்காது என்று பாட்டெழுதுகிறவனுக்குத் தெரியும்.

இதே தந்திரத்தை 1892இன் பஞ்சமி நில நிபந்தனைகளில் பார்க்கலாம்: பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். அந்த நிலங்கள் எத்தனை ஏக்கர் யார் யார் கைக்குப் போயின, மீட்கப் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1994இல் காரணை நிலத்துக்காகப் போராடியவர்கள் மேல் செங்கற்பட்டில் துப்பாக்கி பேசியது. தாளில் விற்க முடியாது என்று எழுதுவது போதாது. ஆனால் அந்த ஒரு வரி தாளில் இருந்ததால்தான் நூறு வருஷம் கழித்து 'இது எங்க நிலம்' என்று போய் நிற்க முடிந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

விதையில் இன்னும் துல்லியமாகத் தெரியும். 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் கம்பெனிக்கு ரகத்தின் மேல் உரிமை கொடுக்கிறது. கூடவே 39ஆம் பிரிவில், பாதுகாக்கப்பட்ட ரகமானாலும் விவசாயி விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம் என்கிறது. பிராண்டு போட்டு மட்டும் விற்கக்கூடாது. 2019இல் பெப்சிகோ ஓர் உருளைக்கிழங்கு ரகத்துக்காகக் குஜராத் விவசாயிகள் மேல் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. ஊரே திரண்டு கேட்டதும் வாபஸ் வாங்கியது. 2021இல் ரகத்தின் பதிவு ரத்தானது. 2024 ஜனவரியில் டெல்லி உயர்நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அந்த ரத்தைத் தள்ளுபடி செய்தது. பதிவு போகும், வரும். 39ஆம் பிரிவு இருக்கிறவரை விவசாயிக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு உண்டு.

ஒப்பாரி பாடும் அம்மாவை நடுவில் விட்டுவிட்டு வந்தோம். சட்டத்தில் அவளுக்கும் ஓர் இடம் இருக்கிறது, நாம்தான் பார்க்கவில்லை. 'நிகழ்த்துநர்' என்பதற்கு 1994 திருத்தம் கொடுக்கும் பட்டியலில் நடிகர், பாடகர், ஆடுகிறவர் என்று ஆரம்பித்துக் கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை போகிறது. 2012இல் சேர்ந்த 38பி பிரிவு, நிகழ்த்துநர் தன் நிகழ்த்துதலுக்குத் தன் பெயரைச் சொல்லும்படி கேட்கலாம், அதைச் சிதைத்தால் தடுக்கலாம் என்கிறது. ஒலிப்பதிவின் பதிப்புரிமை யாரிடம் இருந்தாலும் இந்த உரிமை அவளிடம்தான். எழுபதுகளிலிருந்து பதிந்து பெட்டிகளில் வைத்திருக்கும் நம் கேசட்டுகளுக்கு இந்தப் பிரிவு பொருந்துமா என்பதை வக்கீல் தோழர்கள் பேசட்டும். அந்தக் கேசட்டுகளின் மேல் ஊர்ப்பெயரும் தேதியும் 'ஒப்பாரி, இரண்டாம் பக்கம்' என்பதும் இருக்கின்றன. பாடியவர் யார் என்று சொல்லக்கூடிய ஆட்கள் அந்த ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அடுத்த பதிப்புக்குப் போகுமுன் யாராவது பஸ் ஏறிப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வரலாம்.